வலது பக்கப் பெடல்

ராஜாங்கம்: இடுப்பு கழண்டுடுச்சுடா பீமா. இனிமே அந்த ஸ்டூலை ஒரு விரக்கடை நகத்துன்னு சொன்னே... நானே அதுமேல ஏறிப் படுத்துக்குவேன்.

பீமாராவ்: படுத்துக்கோண்ணே. படுத்துக்கிட்டே நீயே வாசி. உக்காந்து வாசிக்கற மாதிரி எங்க வெச்சிருக்கே?

ராஜாங்கம்: காத்தால ஏழு மணிக்கு வேனைத் தொறந்தேன். பதினோரு பெட்டி. மண்டபம் மாடியில. அத்தனையும் ஏத்துனது நானு. இதுக்கு ராஜகிரிக் கோட்டைக்கே ரெண்டு தரம் ஏறி எறங்கியிருக்கலாம்.

பீமாராவ்: தூக்கலன்னு யாரு சொன்னா? தூக்குனது சரி. வெச்சதுதான் தப்பு.

ராஜாங்கம்: இன்னா தப்பு? நம்ம முதலாளி நேமிகுமார் நைனாரு போன்ல அனுப்புன போட்டோ இது. பாரு. முன்னால பெரிய டிரம்மு ரெண்டு. மேல நாலு. வலப்பக்கம் தரையில நிக்கறது ரெண்டு. பித்தளைத் தட்டு ஏழு. எண்ணிக்கோ. ஒண்ணு கொறஞ்சா என் பேரை மாத்திக்கோ.

பீமாராவ்: போட்டோவுல உக்காந்திருக்கறவன் ஆறேகால் அடி. வெளிநாட்டுக்காரன். நான் அஞ்சேகால். அவனுக்கு மாருக்கு நேரா வர்றது எனக்கு நெத்திக்கு நேரா வருது. அந்தத் தட்டைப் பாரு... தட்டா அது, தேங்காயா? ஏறித்தான் பறிக்கணும்.

ராஜாங்கம்: மெட்ராஸ்ல ஏதோ ஓட்டல்ல வாசிச்சிட்டிருந்த ராக் செட்டுடா. நைனாரு ஆசைப்பட்டு வாங்கியாந்தாரு. ரிசப்ஷனுக்கு வர்ற ஜனம் பார்த்ததும் வாயைப் பொளக்கணும்னாரு.

பீமாராவ்: ஜனம் வாயைப் பொளக்கும். என் தோள்பட்டை பொளந்துடும். மூணு மணி நேரம் வாசிக்கப்போறது நானா, போட்டோவா? மொதல்ல ஆளை உக்கார வெக்கணும்ணே. தொடை முட்டிப்பக்கம் லேசா சரிஞ்சு எறங்கணும். காலு தன்னால எங்க விழுதோ அங்க பெடலு. ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஸ்நேரு டிரம்மு, பெல்ட்டு உயரத்துக்கு. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் கைகிட்ட தேடி வரணும். நீ சட்டையைத் தெச்சுட்டு ஆளைத் தேடுறே.

ராஜாங்கம்: சரிப்பா தையக்காரா... சொல்லு. தட்டை எறக்கணும், அவ்ளோதானே?

பீமாராவ்: ரெண்டு பக்கமும் ஒரு சாண் எறக்கு. மேல இருக்கற நாலையும் என் பக்கமா சாய்... ஐயய்யோ, அவ்ளோ வேணாம், கொட்டிடப்போவுது. குச்சி விளிம்புல மாட்டக்கூடாது, அது போதும். ம்... ம்... நில்லு. அப்படியே திருகு.

ராஜாங்கம்: ஆச்சு. அப்புறம்?

பீமாராவ்: வலது பக்கப் பெடலைக் கழட்டிடு.

ராஜாங்கம்: எத்த?

பீமாராவ்: வலது பக்கப் பெரிய டிரம்மோட பெடலு. கழட்டு.

ராஜாங்கம்: டேய்... மத்தியானம் சாப்டியா இல்லியா? வலது கால்லதானடா 'டும்'முனு அடிப்பே. பன்னெண்டு வருசமா பார்க்கறேன்.

பீமாராவ்: ஸ்பிரிங்கு சரியில்ல.

ராஜாங்கம்: காத்தால நான்தான் எண்ணெய் விட்டேன். தொட்டா குதிக்குது.

பீமாராவ்: உனக்குக் குதிக்கும். பெருசு ரெண்டு இருக்குது இல்ல? நான் இடதால அடிச்சிக்கறேன்.

ராஜாங்கம்: அப்போ இந்த ஜோடித் தட்டு? இடது கால்ல மிதிச்சா மூடும், விட்டா தொறக்கும். அத்த யாரு மிதிக்கறது, நானா? கீழ குந்திக்கட்டுமா?

பீமாராவ்: மூடியே இறுக்கிடு. தொறக்க வேணாம்.

ராஜாங்கம்: தொறக்கவே வேணாமா? பாதிப் பாட்டுக்கு அந்த 'த்ஸ்ஸ்'தாண்டா உசுரு.

பீமாராவ்: இங்க உக்காரப்போறது நீயா, நானா? ஒவ்வொரு தரமும் இதே கதை. வாசிக்கறவனை ஒருத்தரும் கேக்கறதில்ல. போட்டோவைக் கேக்கறீங்க, பெட்டியைக் கேக்கறீங்க. உடம்பு யாருது? என்னுது. இறுக்குண்ணே!

மஞ்சு: ஹலோ... மைக் செக்... இன்னாண்ணா ரெண்டு பேரும்? கீழ சாம்பார் கிண்டறவங்க வரைக்கும் கேக்குது. உங்களுக்கு மைக்கே வேணாம் போலயே.

ராஜாங்கம்: வாம்மா, பாட்டுக்காரம்மா. நீயே கேளு நியாயத்தை. நாலாவது தரம் பிரிச்சு மாட்டச் சொல்றான்.

மஞ்சு: சண்டை அப்புறம் போட்டுக்கலாம். நைனாரு வந்துட்டிருக்காரு. பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்பாட்டை முடிச்சிட்டுக் கெளம்பிட்டாராம். பீமாண்ணா, உங்களை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேப்பாரு. மனசுக்குப் புடிச்சா மறுபடியும் இந்த ஸ்டூல் உங்களுது. இல்லன்னா...

பீமாராவ்: இல்லன்னா திண்டிவனத்துப் பையன் குரு. தெரியும். பஸ் ஏறிட்டானா?

மஞ்சு: ஏறிட்டானாம். குச்சியோட.

பீமாராவ்: வரட்டும். மூணு மாசமா என் ஸ்டூலை அவன்தானே தேய்ச்சுக்கிட்டிருக்கான்.

மஞ்சு: அவன் வாசிச்சா நான் ஒரு ஊருக்குப் போறேன், டிரம்ஸ் ஒரு ஊருக்குப் போவுது. நீங்க இருக்கணும்னுதாண்ணா நானும் வேண்டிக்கறேன்... ஆமா, இன்னா ஷூவெல்லாம்? மாப்பிள்ளை நீங்களா? எப்பவும் வெறுங்கால்லதானே வாசிப்பீங்க?

பீமாராவ்: மேடையில ஆணி கெடக்குது.

ராஜாங்கம்: மேடையைப் பெருக்குனது நானு. ஆணி இல்ல.

பீமாராவ்: நீ பெருக்குனதாலதான் ஷூ.

மஞ்சு: ஹா ஹா... சரி, வாசிங்க பார்க்கலாம். நான் சும்மா முணுமுணுக்கறேன்.

பீமாராவ்: ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு, ரெண்டு, மூணு...

மஞ்சு: அட! அட! நிறுத்துங்க. சுத்தமா விழுதேண்ணா! அது இடது காலா?

பீமாராவ்: மூணு மாசமா வூட்டுத் தரையைத் தட்டிக்கிட்டே இருந்தேன். காலையில தட்டு, சாயங்காலம் தட்டு. பக்கத்து வூட்டுக்காரன் மல்லுக்கு வந்துட்டான். என் பொண்டாட்டி மங்கை, தொண்டூருக்குப் போறேன், அம்மா வூட்லயாவது தூங்கறேன்னு பையை எடுத்துட்டா.

மஞ்சு: இத்தனை வருசம் வலதால வாசிச்சவரு எதுக்கு இடதுக்கு மாறணும்?

பீமாராவ்: புது ஸ்டைலு. அண்ணே, வலப்பக்கம் நிக்கற ரெண்டுல முன்னாடி இருக்கறதை இன்னும் கிட்ட தள்ளு. தோளைத் திருப்பாம கை எட்டணும்.

ராஜாங்கம்: இங்கயா?

பீமாராவ்: இன்னும்.

ராஜாங்கம்: மடியிலயே வெச்சுக்கறியா? இங்க?

பீமாராவ்: ம்... அங்கதான். ஆடக்கூடாது. நல்லா அமுக்கி நிறுத்து.

ராஜாங்கம்: ஏறியே அமுக்கறேன். ஹுக்கும்... உக்காந்துடுச்சு. அசையுதா பாரு.

மஞ்சு: ஐயோ! தூக்குங்க! ராஜாங்கண்ணா, தூக்குங்க அத்த!

ராஜாங்கம்: இன்னாம்மா?

மஞ்சு: டிரம்மோட கம்பிக்காலு அவரு ஷூ மேல நிக்குது! வலது ஷூ மேல! தூக்குங்கன்றேன்!

பீமாராவ்: எங்கம்மா?

மஞ்சு: எங்கயா? ஷூ குழி விழுந்து கெடக்குது, எங்கன்றீங்க? வலிக்கலியா உங்களுக்கு?

பீமாராவ்: ...வலிக்குது.

மஞ்சு: நான் சொன்னப்புறம் வலிக்குதா? ஷூவைக் கழட்டுங்க.

பீமாராவ்: வேணாம் மஞ்சு. நேரமாவுது.

மஞ்சு: கழட்டுங்கண்ணா. நானே கழட்டுவேன், கூச்சமெல்லாம் கெடையாது எனக்கு... இன்னா இது, துணி? முன்னாடி எதுக்குத் துணி திணிச்சு... அண்ணா. ரெண்டு விரல் எங்கண்ணா?

பீமாராவ்: அவலூர்பேட்டைக் கச்சேரியில.

மஞ்சு: சுளுக்குன்னுதானே சொன்னீங்க!

பீமாராவ்: ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. கட்டுக்குள்ள இருந்ததை யாரும் பார்க்கல. மிச்சம் இருக்குது, ஆனா கணுக்கால் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பெடல் மேல இருக்குதா, வழுக்கிடுச்சான்னு குனிஞ்சு பார்த்தாதான் தெரியும். பாட்டைப் பார்க்கறதா, காலைப் பார்க்கறதா? அதான் இடது.

ராஜாங்கம்: பீமா... எனக்குத் தெரியாதுடா. சத்தியமா, இவ்ளோன்னு தெரியாது.

மஞ்சு: எனக்கு ஆத்திரமா வருது. ஏண்ணா குடிச்சீங்க அன்னிக்கு? கச்சேரிக்குப் போற எடத்துல, பெட்டி எறக்கற நேரத்துல... அந்தச் சனியனைக் குடிச்சிட்டு...

பீமாராவ்: யாரு குடிச்சது?

மஞ்சு: ஊருக்கே தெரியுமேண்ணா. தள்ளாடி வந்து பெட்டிக்கு அடியில காலை விட்டீங்கன்னு...

ராஜாங்கம்: மஞ்சு, கீழ போயி டீ சொல்லும்மா.

பீமாராவ்: அவ இருக்கட்டும். கேளும்மா. ஒரு சொட்டு இந்த வாயில பட்டதில்ல. எங்க அப்பன் ஒருத்தன் குடிச்சதே எங்க வம்சத்துக்குப் போதும்னு இருக்கறவன் நானு.

மஞ்சு: அப்போ நைனாரு கிட்ட...

பீமாராவ்: நைனாரு யாரு? எறும்பு போற வழியில காலை வெக்காத ஜைன மனுசன். தப்பா வாசிச்சா மன்னிப்பாரு, லேட்டா வந்தா மன்னிப்பாரு. குடின்னு காதுல விழுந்தா போதும், எப்படி, எங்க, எவ்ளோன்னு ஒரு கேள்வி வராது. அந்த ஆளு வூட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டாரு. மிதிச்சாரா? ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புனாரு, பழம் அனுப்புனாரு. அவரு வரல. அது தெரிஞ்ச ஆளுதான் அவர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கான்.

மஞ்சு: போயி குடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே! வாய் எங்க போச்சு?

பீமாராவ்: போனேன். வாசல்ல நின்னேன். 'இனிமே தொட மாட்டேன்னு சொல்லு பீமாராவ், ஒரு தரம் பார்க்கலாம்'னாரு. சொன்னேன். குடிக்காதவன் குடியை விட்டேன்மா!

மஞ்சு: ஏன்? எதுக்கு?

பீமாராவ்: குடிக்கலன்னா, 'அப்போ எப்படி ஆச்சு, காலைக் காட்டு'ம்பாரு. குடிகாரன்னா, திருந்திட்டான்னு மறுபடியும் உக்கார வெப்பாங்க. விரல் போனவனை யாரு டிரம்ஸுக்கு முன்னாடி உக்கார வெப்பா? இடது காலு பழகற வரைக்கும் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன்.

மஞ்சு: யாருண்ணா அப்படிச் சொன்னது அவர்கிட்ட? சொல்லுங்க, நான் போயி...

ராஜாங்கம்: நான்தாம்மா.

மஞ்சு: ...நீங்களா?

ராஜாங்கம்: வேற இன்னா சொல்லச் சொல்றே? நான் வேன்ல நின்னு கயிறு புடிச்சிட்டிருந்தேன், இவன் கீழ நின்னான். பெட்டி பலகையில எறங்குது. கயிறு அறுந்துடுச்சு. பழைய கயிறு. ஏன் மாத்தலன்னு கேப்பாரு, வேன் சாவியைப் புடுங்கிடுவாரு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

மஞ்சு: வாயில வந்ததா? ஒரு மனுசனைக் குடிகாரன்னு சொல்றது வாயில வந்ததா? பன்னெண்டு வருசம் ஒரே வேன்ல போனவரு நீங்க!

ராஜாங்கம்: எனக்கு மட்டும் தூக்கம் வருதா? இவன் மூஞ்சியைப் பார்க்க முடியாம திரியறேன். இன்னிக்குக் காத்தாலருந்து பட்டினி. நாலு தரம் பிரிச்சு மாட்டச் சொன்னான், மாட்டலியா? இன்னும் பத்து தரம் மாட்டறேன்.

பீமாராவ்: மாட்டுனதுக்குக் கொறை சொல்லல. இப்போ சரியா இருக்குது. கை எட்டுது, முதுகு வளையல. முப்பது பாட்டு வாசிப்பேன்.

மஞ்சு: கீழ கார் வந்து நின்னுடுச்சு... நைனாருதான். செருப்பைக் கழட்டிட்டு மாடிப்படி ஏறுறாரு.

ராஜாங்கம்: பீமா, இன்னிக்கு வேணாம்டா. கச்சேரி முடியட்டும். உனக்கு ஸ்டூலு எப்படியும் கெடைச்சுடும், வாசிக்கறதைக் கேட்டா விட மாட்டாரு. பழைய கயிறுக்குப் போயி என் சாவியை... என் பொண்ணு நிலா இந்த வருசம்தான் காலேஜ்ல சேர்ந்திருக்குது...

பீமாராவ்: புதுக் கயிறுண்ணே அது. அறுந்து போவல. நான் கீழ நின்னு உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பனமலைக் கச்சேரி முடிச்சு, ரெண்டு நாளா தூங்காம வண்டி ஓட்டிட்டு வந்தே. மொதல்ல உன் கண்ணு மூடுச்சு. அப்புறம்தான் கை தொறந்துது. மூணு மாசம் ஆச்சு, இத்த நான் மங்கைகிட்டகூட சொல்லல. தூங்குனதுக்கு உன்னை ஒண்ணும் கேக்கல. ரெண்டு விரலையும் கேக்கல. 'பீமாராவ் குடிக்கல, கயிறை விட்டது நானு'ன்னு நைனாரு முன்னாடி நீ சொல்லணும். அது ஒண்ணுதான் நீ எனக்குத் தர வேண்டிய கடன். இன்னும் தரல.