ஈரப் பைன் விறகு

புகையூட்டிய தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம், ஐயா. காய்ந்த லோங்கன் பழத்தின் இனிப்பு அதிலேயே இருக்கிறது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் தோங்மு மலைக்கிராமத்தில் எல்லார் வீட்டிலும் தேயிலை உண்டு. ஆனால் என் கணவர் தெகுவாங்கின் மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. மொட்டை மட்டும் கிள்ளிச் செய்ததில் தேன் வாசம் எழும். புகையில்லாமல் உலர்த்தியதில் பூ மணக்கும். புகைவீட்டில் பைன் புகையில் வாட்டியது தொண்டைக்குள் நெடுநேரம் நிற்கும். எந்தச் சரிவில் பறித்தது என்றுகூட முகர்ந்தே சொல்லிவிடுவார். அவர் பெண்டாட்டி என்பதால் சந்தையில் எனக்கு வழிவிடுவார்கள்.

போன குளிர்காலத்துக் காய்ச்சலில் அவருக்கு வாசனை போய்விட்டது. அவராகச் சொல்லவில்லை. தீய்ந்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டார், அதில் தெரிந்துகொண்டேன். பிறகு இலையின் பக்குவத்தை நானே முகர்ந்து, அவர் சொன்னதாக ஆட்களிடம் சொல்லிவந்தேன். எங்களுக்குள்ளும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

இந்த வசந்தத்தில் சியாமென் நகரத்துத் தேயிலை வியாபாரி கோ வந்தார். மூன்று கோப்பையில் மூன்று வகைத் தேநீர் வைத்தேன். எது எதுவென்று என் கணவருக்குக் கண்ஜாடை காட்டினேன். இவர் கவனிக்கவில்லை. புகை படாததை எடுத்து உறிஞ்சிவிட்டு, "பைன் வாசனை நல்லா ஏறியிருக்கு" என்றார்.

கோ சிரித்தார். "என்னண்ணே, மூக்கை எங்கயாவது அடகு வச்சுட்டீங்களா?"

தெகுவாங்கும் சிரித்தார். "அது போய் ரொம்ப நாளாச்சு தம்பி. இவதான் எனக்கும் சேர்த்து மோந்துக்கிட்டிருக்கா."

வேலையாட்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது, "ஃபூசோவுக்கு வரச்சொல்லிப் பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. புகைவீட்டைக் குத்தகைக்கு விட்டுட்டுப் போயிடலாம் சுயின். சொன்னப்புறம் பாரம் இறங்கின மாதிரி இருக்கு" என்றார். மனம் நொறுங்கிய மனிதர் அப்படித்தான் பேசுவார். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

சாப்பிட்டதும் புகைவீட்டு மாடிக்குப் போய், இலை பரப்பும் மூங்கில் பாயில் படுத்தார். மதியத் தூக்கம் அங்கேதான். ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். கீழே அடுப்பில் ஈரப் பைன் விறகை அடுக்கி மூட்டினேன். சன்னல் பலகைகளை இறக்கினேன். கதவை வெளியே தாழிட்டேன். வேறு யாராக இருந்தாலும் முதல் புகையிலேயே எழுந்திருப்பார்கள். அவர் தூக்கத்திலேயே போய்விடுவார் என்று நினைத்தேன்.

எழுந்துவிட்டார். இருமிக்கொண்டே படியிறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"சுயின், அடுப்பு எப்படியோ பத்திக்கிச்சு. என்னைத் தேடி உள்ள வந்துடாதே. ஓடிப்போயிடு."

நான் ஓடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தட்டுவது நிற்கும்வரை அழுதேன். தாழ் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. அவருடைய மானத்துக்காகத்தான் திறக்கவில்லை.

கொன்றது நான்தான் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவருக்கு வாசனை போயிருந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம்.