ஏழு கால் எட்டுக்கால் பூச்சி

இல்லண்ணே, நான் கேஸ் போட்டவனும் இல்ல, என் மேல யாரும் கேஸ் போடவும் இல்ல. சாட்சி. வெறும் சாட்சி. அதுக்குத்தான் இந்தப் புதுச் சட்டை, கம்பெனியில வாங்கிக் குடுத்தாங்க. கழுத்துப் பட்டன் போட்டா மூச்சு முட்டுது. கொஞ்சம் சுவத்தோரமா தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சு ஆடும். உங்களுது என்ன, பக்கத்து வீட்டுச் சுவர் தகராறா? பதினோராவது வாய்தாவா? சரியாப்போச்சு. அப்ப நமக்குப் பேச நேரம் இருக்கு.

எங்க கேஸ் என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. ஒரு எட்டுக்கால் பூச்சி. ஆமாண்ணே, சிலந்தியேதான். அதுக்கு எத்தனை காலு சொல்லுங்க? பாத்தீங்களா, சின்னப் புள்ள கூட சொல்லும், பேர்லயே இருக்கு. இந்தக் கேஸ்ல அதுக்கு ஏழு காலு.

நான் படம் வரையறவன். பெரிய ஓவியர்னு நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்களுக்கு வரையக் கத்துக்குடுக்கற புஸ்தகம் வரும்ல, முதல்ல ஒரு வட்டம், அப்புறம் ரெண்டு காது, அப்புறம் மீசை, ஆச்சு பூனை. அது மாதிரி. பதினாலு வருஷமா ஒரே கம்பெனி. புஸ்தகத்துல தேடிப் பாருங்க, என் பேரு எங்கயும் இருக்காது. சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க, ஆபீஸ்ல வரைஞ்சாலும் வீட்டுல வரைஞ்சாலும் அது அவங்களோடதுன்னு. டீ டம்ளர் வெச்ச ஈரத்துல விரலால ஒரு கோடு இழுத்தா அதுவும் அவங்களோடதுதான், பாத்து இழுன்னு எங்க ஆபீஸ்ல பக்கம் கோக்கறவரு சொல்வாரு. அப்பல்லாம் அது ஒரு தமாஷு.

நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்புறம் புது மேனேஜர் வந்தாரு. வந்த மனுஷன் படம் வரைய ஆள் சேக்கல, வக்கீல் நோட்டீஸ் அனுப்ப ஆள் சேத்தாரு. எங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லா விழற ஒரு ரூம் இருந்துச்சு. அதைப் பிடுங்கி அவங்களுக்குக் குடுத்துட்டு, எங்க மூணு மேஜையையும் மாடிப்படிக்குக் கீழ தள்ளிட்டாங்க. பகல்லயே லைட்டு போட்டுக்கிட்டு வரையறோம்.

யார் யாருக்கு நோட்டீஸ் போச்சுன்னு கேளுங்க. ஒரு பேக்கரிக்காரரு, பொறந்த நாள் கேக்குல கிரீமால ஒரு முயல் போட்டாரு. எங்க புஸ்தகத்து முயலைக் காப்பியடிச்சுட்டாருன்னு அவருக்கு ஒண்ணு. ஒரு ஆஸ்பத்திரி, பிள்ளைங்க வார்டு. நர்ஸுங்க லீவு நாள்ல வந்து, தாங்களே பெயிண்டு வாங்கி, சுவத்துல முயல் வரைஞ்சிருந்தாங்க. அவங்களுக்கும் ஒண்ணு. மறுநாளே வெள்ளையடிச்சுட்டாங்க பாவம். நான் போய்ப் பாத்தேண்ணே. எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியல. ஒரு பூச்சுதான் அடிச்சிருக்காங்க, உள்ள இருந்து ரெண்டு காது லேசாத் தெரியுது. கட்டில்ல படுத்திருந்த ஒரு குழந்தை, டிரிப்ஸ் ஏத்தாத கையால அந்தக் காதைச் சுத்தி விரலை ஓட்டிக்கிட்டு இருந்துச்சு.

சொல்லுங்க, முயல் யாருதுண்ணே? ரெண்டு காதை நீட்டி வெச்சா முயலு. என்னமோ இவங்கதான் பெத்துப் போட்ட மாதிரி. எனக்கு வயிறு எரியுது. அந்த முயலை வரைஞ்சவனே நான்தான், எனக்கு இல்லாத கோபம் இவங்களுக்கு எங்க இருந்து வருது? கோர்ட்டுக்குப் போனா நிக்காதுன்னு அவங்களுக்கே தெரியும். ஆனா எவன் வருவான்? வக்கீல் வெச்சு அலையறதுக்கு, ஒரு டப்பா வெள்ளையை வாங்கி அடிச்சுட்டுப் போயிடலாம்னுதானே தோணும். அந்தத் தைரியத்துலதான் அனுப்பறாங்க.

ஒருத்தங்க மட்டும் அழிக்க மாட்டேன்னுட்டாங்க. அதோ, தண்ணி டிரம் பக்கத்துல, மடியில துணிப்பையோட... ஐயோ, பட்டுனு திரும்பாதீங்கண்ணே. மெதுவாப் பாருங்க. அவங்கதான்.

டிராயிங் டீச்சர். ஒரு மொட்டைமாடி ரூமை வாடகைக்கு எடுத்து, சாயங்காலம் பிள்ளைங்களுக்குக் கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதான் பிழைப்பு, வேற எதுவும் கிடையாது. அவங்களே கையால நாப்பது படம் வரைஞ்சு ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தாங்க. ஜெராக்ஸ் கடையில எங்க கம்பெனி ஆளு ஒருத்தன் அதைப் பாத்துட்டான். அவங்க பூனை வேற, எங்க பூனை வேற. முயலும் வேற. எட்டுக்கால் பூச்சி மட்டும் அச்சு அசல் ஒண்ணு. அதுலயும் ஏழு காலு, எங்க புஸ்தகத்துல முப்பத்தொண்ணாம் பக்கத்துலயும் ஏழு காலு.

எங்க கம்பெனி வக்கீலுக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. சரியா வரைஞ்சிருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா வரைஞ்சோம்னு சொல்லலாம், ஒரே தப்பை எப்படித் தனித்தனியா வரைவாங்கங்கறாரு. நீங்களே தலையாட்டறீங்க பாருங்க, கேக்கறப்ப நியாயமாத்தான் இருக்கு. என்னை மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மேப்பு போடறவங்க இல்லாத தெரு ஒண்ணைப் போட்டு வெப்பாங்களாமே, எவனாவது காப்பியடிச்சா அந்தத் தெருவும் சேந்து போய் மாட்டிக்குவானாம். அது மாதிரி நீங்களும் தெரிஞ்சேதானே ஒரு காலை விட்டீங்கன்னு வக்கீல் கேட்டாரு. கேள்வியாண்ணே அது? பதிலை எழுதி வெச்சுக்கிட்டுக் கேக்கறாரு. மேனேஜர் பேனாவைத் திருகிக்கிட்டே என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டு. அது மூணு பக்க வாக்குமூலமாகி வந்துச்சு, கையெழுத்தும் போட்டேன்.

பயமான்னா, பயம்தான். பொய் சொல்வானேன். ஆனா நீங்க நினைக்கிற பயம் இல்ல. அதுக்கு வர்றேன்.

அப்புறம் கோர்ட்டு ஆர்டர் வாங்கி டீச்சர் ரூமுக்குப் போய், இருந்த தாளையெல்லாம் ரெண்டு மூட்டையாக் கட்டித் தூக்கிட்டு வந்துட்டாங்க. எங்க மாடிப்படிக்குக் கீழதான் கிடக்குது, என் நாற்காலிக்குப் பின்னாடி. நாற்காலியைத் தள்ளினா இடிக்கும். அந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, உங்க புஸ்தகம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நான் வரைஞ்சது இதுன்னு. சொன்னாப் போதுமா, காட்டணும்ல? அந்த மூட்டையில எதுலயும் தேதி இல்ல. அந்த ஜெராக்ஸ் மேல பிள்ளைங்க வரைஞ்சு முடிச்ச தாள்லதான் நட்சத்திர முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அது வீட்டுக்குப் போயிடும். எந்த வீட்டுல பத்திரமா வெச்சிருக்கப் போறாங்க? ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டாங்களாம். வெச்சிருந்தவங்களும் நோட்டீஸுக்குப் பயந்து இல்லைன்னுட்டாங்க. பிள்ளைங்களையும் நிறுத்திட்டாங்க. ரூமைப் பூட்டி மூணு மாசம் ஆச்சு.

இன்னைக்கு நான் உள்ள போய், ஆமாங்கய்யா நான் வெச்ச பொறிதான்னு சொன்னா கதை முடிஞ்சுது. ஒரு பூச்சியை வெச்சு நாப்பது படமும் கம்பெனிக்குப் போயிடும். இனிமே அவங்க கிளாஸே எடுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க. நஷ்ட ஈடு வேற. அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு நாக்கு வரல.

காலைல என்கிட்டதாண்ணே வந்து கேட்டாங்க, ரெண்டாம் நம்பர் ஹால் இதுதானேன்னு. ஆமாங்கன்னேன். ஒரு பேனா குடுக்கறீங்களான்னாங்க. குடுத்தேன். எழுதிட்டு மூடியை அழுத்தி மாட்டித் திருப்பிக் குடுத்தாங்க, சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல தெரியும்.

அவங்க ஏன் ஏழு போட்டாங்கன்னா? அதைக் கேப்பீங்கன்னு தெரியும். ஒரு நாள் கிளாஸ்ல எல்லாரையும் எட்டுக்கால் பூச்சி வரையச் சொல்லியிருக்காங்க. ஒரு சின்னப் பொண்ணு, அஞ்சு வயசு, ஏழு காலு போட்டு வெச்சிருக்கு. எண்ணத் தெரியாம இல்ல, இடம் பத்தல, தாளோட ஓரத்துல போய் இடிச்சிருச்சு. மத்ததெல்லாம் எண்ணி எண்ணிச் சிரிச்சிருக்குதுங்க. பிள்ளைங்க சிரிச்சா எப்படிச் சிரிக்கும்னு தெரியும்ல, நிறுத்தவே நிறுத்தாது. அந்தப் பொண்ணு தாளைக் கசக்கிப் போட்டுட்டு மேஜைக்கு அடியில போய் உக்காந்துடுச்சு. கூப்பிட்டா வரல. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? யாரையும் திட்டல. போர்டுல அவங்க வரைஞ்சு வெச்சிருந்த பூச்சியில ஒரு காலைத் துடைச்சாங்க. அது ஒரு காலை மடக்கி உள்ள வெச்சிருக்கு, வேணுங்கறப்ப நீட்டும்னாங்களாம். அப்புறம் அடியில குனிஞ்சு, நீதான் சரியாப் பாத்திருக்கே, வெளிய வான்னாங்களாம். அன்னையில இருந்து அவங்க தாள்ல ஏழுதான். எட்டாவதை யாருக்கு இஷ்டமோ அவங்க போட்டுக்கலாம்.

அதைத்தான் எங்க வக்கீல் பொறிங்கறாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? இருங்க, பையில ஒரு தாள் இருக்கு, டீச்சர் கிளாஸ்ல குடுத்த ஜெராக்ஸ். பிடிங்க, ஓரத்தைப் பிடிங்க, பழசு. எண்ணிப் பாருங்க. ஏழு இருக்கா? கீழ நட்சத்திரம், தேதி, கையெழுத்து. எங்க புஸ்தகம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. இப்ப மூலையைப் பாருங்க. நாலு மூலையிலயும் தாளோட தோல் உரிஞ்சு வெள்ளையா இருக்குல்ல? டேப் ஒட்டிப் பிச்ச தடம் அது. ஒட்டினது நான்.

ஒன்பது நாள்ல நாப்பத்தெட்டுப் பக்கம் வேணும்னாரு மேனேஜர். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீட்டுல உக்காந்திருக்கேன், முப்பத்தொண்ணாம் பக்கம் காலி. மண்டை ஓடல. கண்ணாடிப் பெட்டி ஒண்ணு வெச்சிருப்போம், அடியில லைட்டு எரியும், ஒரு தாளை ஒட்டி மேல இன்னொரு தாளை வெச்சா கோடு அப்படியே தெரியும், பேனாவை வெச்சு இழுத்துட்டுப் போக வேண்டியதுதான். கைக்கு எட்டின தாளை எடுத்து ஒட்டி இழுத்துட்டேன். காலை எண்ணலண்ணே. சொந்தமா வரையறவன் எண்ணுவான். கோட்டு மேல போறவன் எண்ண மாட்டான், கை பாட்டுக்குப் போகும். காப்பியடிச்சது அவங்க இல்ல, நான். அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நான் தெரிஞ்சே விடலைன்னு சொல்லியிருந்தா, பின்ன எப்படி ஏழு வந்துச்சுன்னு அடுத்த கேள்வி வரும். அந்தப் பயம்தான் நான் சொன்னது.

தாள் எனக்கு எப்படிக் கிடைச்சுதா? மேல பென்சில்ல கோணல் மாணலா ஒரு பேரு எழுதியிருக்கு பாருங்க. என் பொண்ணுண்ணே. மேஜைக்கு அடியில போய் உக்காந்தவ அவதான். அவளைக் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் வீட்டுக்காரிதான், அதான் டீச்சருக்கு என்னைத் தெரியாது. டீச்சர் எங்க வீட்டுக்கும் போன் பண்ணாங்க, அந்தத் தாள் இருக்கான்னு. வீட்டுக்காரி பரண் வரைக்கும் ஏறித் தேடிட்டு, கிடைக்கலம்மான்னு அழாக்குறையாச் சொன்னா. எப்படிக் கிடைக்கும், என் மேஜை டிராயர்ல பூட்டி இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

புஸ்தகம் வந்தப்ப பொண்ணுக்கு ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்தேன். அவ ஒவ்வொரு பக்கமாப் புரட்டிட்டு முப்பத்தொண்ணுல நின்னுட்டா. விரலை வெச்சு எண்ணினா. எனக்கு அப்பதான் ஏழுன்னே தெரியும். அவ நிமிந்து பாத்து, அப்பா நீயும் ஏழு போட்டிருக்கே, எனக்காகவான்னு கேட்டா. முழுக் கதையும் அன்னைக்கு அவ வாயால கேட்டதுதான். எனக்காகவான்னு கேட்டா பாருங்க, அப்பவும் தலையைத்தான் ஆட்டினேன்.

கூப்பிடறாங்களா? ஆமா, என்னைத்தான். அதோ எங்க மேனேஜர் கையைக் காட்டறாரு, வா வான்னு. இருங்க, இந்தப் பட்டனைக் கழட்டிக்கறேன், பேசறப்ப குரல் வராது.

காலைல கிளம்பறப்ப என் பொண்ணுகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேண்ணே, உங்க டீச்சரைப் பாத்தாலும் பாப்பேன்னு. துள்ளிக் குதிச்சா. நான் கேட்டேன்னு சொல்லுப்பான்னா.

குடுங்கண்ணே அந்தத் தாளை. மடிக்காதீங்க, உள்ள காட்டணும்.