தண்ணி நின்ன கோடு

…அதான் கேக்குறேன், அவன் வூட்டாண்ட மட்டும் இன்னாத்துக்கும்மா அம்மாம் நேரம் நின்னே? மயைக்கும் பொயலுக்கும் எந்த எடம் தாங்கும்னு பாக்க கவர்மென்ட்டுலேர்ந்து வந்தவ, நேரா என்னாண்ட வர வேணாமா? பக்கத்து வூட்டு வேதமாணிக்கம் செவுத்துல ‘வெள்ளம் இதுவரிக்கும் ஏறிச்சு’ன்னு கோடு கீதே, அது டூப்பு! சடையங்குப்பத்துல தண்ணி மொதல்ல வர்றதே இந்தப் பரசுராமன் வூட்டுக்குத்தான். பின்னாடி இருந்த குட்டைய மூடி கன்டெய்னரா அடுக்கிட்டானுங்க. தண்ணிக்குக் குந்த எடமில்ல. எங்க போவும் பாவம்? எங்க வூட்ல வந்து குந்துது.

தோ, என் கோட்டப் பாரு. அங்க இல்ல, அண்ணாந்து பாரு! கூரைக்கு ஒரு சாண் கீய. அவன் கோடு நிக்குமா இதுக்கு மின்னாடி? காட்டுப்பள்ளில கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட்டும்மா, கடல்லயே கரையாது.

அன்னிக்கு கட்டில் மேல நாற்காலி, நாற்காலி மேல அண்டா, அண்டாக்குள்ள நானு! டிவி பொட்டிக்குள்ள ஒரு விரால் மீனு பூந்துகினு, செய்தி வாசிக்கிற பொண்ணு மாரி வாயத் தொறந்து தொறந்து மூடுது. எங்க வூட்டுக்காரி பச்சையம்மா இன்னா சொன்னா தெர்மா? “சவுண்டக் கொஞ்சம் ஏத்துய்யா”ன்றா!

எழுதிகினியா? எழுது, எழுது. கைல கீற டேப்லெட்டு மேப்புல என் வூட்டு மேல செவப்பு தட்டுறே, அவனுக்கு வெறும் மஞ்சளா? ஹா! செவப்புக்குத்தான மொதல்ல கால்வா வெட்டுவாங்கோ?

இன்னாது?

செவப்புன்னா குடியிருக்க லாயக்கில்லாத எடமா? காலி பண்ணிகினு மீஞ்சூருக்கு அப்பால ஹவுசிங் போர்டு எட்டாவது மாடிக்குப் போவணுமா? அவன் மட்டும் இங்கயே கால்வா வாங்கிகினு குந்திருப்பானா? ஐயே, நிறுத்தும்மா! பச்சையம்மா காதுல உயுந்தா, வெள்ளம் வர்றதுக்கு மின்னாடி அவ என்ன அடிச்சுகினு பூடுவா.

தண்ணி முட்டிக்குத்தாம்மா வந்துச்சு. சத்தியமா! அவன் கோட்ட மிஞ்சணும்னு நான்தான் மேல இஸ்துட்டேன். இரு, தொடச்சிர்றேன்… சனியன், ஒயிய மாட்டேங்குதே!

நம்பல? செரி, நெசத்தச் சொல்லிர்றேன். கோட்ட முட்டியாண்டதான் போட்டேன். அப்பால தோஸ்துங்க வந்து, லாரி ஜாக்கி வச்சு வூட்ட அப்டியே தூக்குனாங்கோ. இப்பதான் ஊரே வூட்டத் தூக்குதே, பாத்ததில்ல? வூடு ஏறுனா செவுரு ஏறும். செவுரு ஏறுனா கோடு ஏறுமா, ஏறாதா? படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.

இன்னா, தூக்குன வூட்டுக்குப் படி எங்கன்னா கேக்குறே?

படி… இருந்துச்சும்மா. ஒவ்வொண்ணும் கடப்பா கல்லு, நாலு ஆளு சேந்தாதான் நவுரும். போன மயைல வந்துச்சு பாரு தண்ணி, அம்மாம் படியையும் அலேக்கா தூக்கினு…

அய்ய… இத்தயுமா எழுதிகினே?