பந்தி முடியட்டும்

இல்ல தொரை, இப்ப முடியாது. ராசாவே வந்து கேட்டாலும் இந்தப் பனிமூட்டத்துல, கடல் வத்துன மணல்ல வண்டிய எறக்க வழிகாட்ட மாட்டேன். உக்காருங்க. நெருப்புக்குக் கிட்ட வந்து உக்காருங்க. கிறிஸ்மஸுக்கு மொத நாள் வீடு தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புற பழக்கம் இந்தக் கரையில கெடையாது. இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சின பீரு, இந்தாங்க.

ஆமா, போனாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்? லெட்டிஸம்மாவும், பிரெஞ்சுக்காரன் சண்டையிலேர்ந்து திரும்புன அந்தக் கப்பல்படைத் தம்பி நெவிலும், காலையில கடல் வத்துன நேரத்துல வந்தாங்க. நான்தான் முன்னால நடந்து அந்தக் கரை சேத்துட்டு வந்தேன். ஸ்காட்லாந்து மண்ண மிதிச்சதும் அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. இந்நேரம் கொல்லன் பட்டறையில ரெண்டு சாட்சிய நிக்க வச்சுக் கல்யாணம் முடிஞ்சிருக்கும். அங்கதான் வளத்தவங்க சம்மதத்த யாரும் கேக்குறதில்லயே.

கத்தாதீங்க தொரை. உங்க சிநேகிதரு சாகும்போது உங்கள நம்பி விட்டுட்டுப் போன பொண்ணு. சொத்து வெளிய போயிடக் கூடாதுன்னு உங்க மகனுக்கே கட்டிவைக்கப் பாத்தீங்க. அதுக்கு இஷ்டமில்லங்கறது ஊரு பூரா தெரியும்.

அது சரி, உங்க மகன் சின்னத் தொரை எங்க? உங்க கூட வரலியா?

முன்னாடியேவா? எப்ப? அரை மணி... ஓ. குதிரையிலயா. என்னை ஒரு கொரல் கூப்புடக்கூட இல்லையே. ம்... வழி தெரியத்தான் மணல் நெடுக கிளை நட்டிருக்கே, அதப் பாத்துக்கிட்டே போயிடலாம், ஒரு பொம்பள வந்து வழிகாட்டணுமான்னாரா. சரிதான். அவரு பேசுற மாதிரிதான் இருக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கதவத் தொறந்து வெளிய பாத்தேன். குளிருதான். நீங்க குடிங்க.

என்னை உங்களுக்கு அடையாளமே தெரியலியா? போன கிறிஸ்மஸ் அன்னிக்கு உங்க மாளிகை சமையக்கட்டுல வாத்து உரிச்சுக்கிட்டிருந்தேனே. சைலஸ் பொஞ்சாதி. அப்ப சைலஸ்தான் மணல்ல வழிகாட்டி. அக்கரையில கப்பல் வந்திருக்கு, விருந்துக்கு ஆரஞ்சுப் பழம் வேணும்னு அனுப்புனீங்க. திரும்பி வர்ற நேரம் இதே மாதிரி பனி எறங்கிடுச்சு. இப்படிப் பனி எறங்குனா கரையில ஒரு ஆளு நின்னு கொம்பு ஊதணும் தொரை, அந்தச் சத்தத்த வச்சுத்தான் மணல்ல நிக்கிறவங்களுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியும். உங்க நாற்காலிக்குப் பக்கத்துல வந்து நின்னு கேட்டேன். என் புருஷன் மணல்ல இருக்காரு தொரை, நான் போயி கொம்பு ஊதணும்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. பந்தி முடியட்டும்னீங்க.

ஞாபகம் இல்லியா? இருக்காது.

மேல ஒரே ஆட்டம் பாட்டு. கிறிஸ்மஸ் வழக்கப்படி தொங்கவிட்ட மிசில்டோ தழைக் கொத்துக்குக் கீழ முத்தம் குடுத்துச் சிரிச்சுக்கிட்டிருக்காங்க. நான் சமையக்கட்டுல அழுததப் பாத்துட்டு லெட்டிஸம்மா பட்டுச் செருப்போடயே கரைக்கு ஓடுச்சு. பின்னாலயே அந்தத் தம்பி. விருந்தாளியா வந்தவரு, அதுவரைக்கும் ரெண்டும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. மாத்தி மாத்தி ஊதுனாங்க தொரை, ஒதடு வெடிச்சு ரத்தம் வர்ற வரைக்கும். கோட்டக் கழட்டி அதுக்குப் போத்திவிட்டாரு, விரலு நுனிகூடப் படாம. அங்க ஆரம்பிச்சதுதான் அவங்க கதை. சைலஸ் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கெடைச்சாரு. கோட்டுப் பையில நாலு ஆரஞ்சு இருந்துச்சு.

அந்தப் பொண்ணு காலையில கதவத் தட்டுனப்ப நான் ஒரு கேள்வி கேக்கல. சால்வைய எடுத்துப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

என்ன பாக்குறீங்க? செவுத்துலயா? ஆமா, கிறிஸ்மஸ் தழை. ஜன்னலு, அடுப்பு மேல, எல்லா எடத்துலயும் கட்டிட்டேன். இந்த வருஷம் கட்ட வேணாம்னுதான் இருந்தேன். ஈரம் சொட்டுதா? சொட்டும். தண்டுல மணலும் ஒட்டியிருக்கும் பாருங்க.

வழிக்கு நட்டிருந்த கிளைங்கதான் தொரை. அந்த ரெண்டு பேரையும் அந்தக் கரையில விட்டுட்டுத் திரும்பி வரும்போது ஒவ்வொண்ணா புடுங்கிக்கிட்டே வந்தேன். உங்க வண்டி பின்னாலயே போயிடக் கூடாதுல்ல. பாதி வழியிலயே கை நெறைஞ்சுடுச்சு. இந்தக் கரையோரம் இருக்கறதெல்லாம் அப்படியே விட்டுட்டேன். அதுக்கு அப்பறம் புதைமணல் எங்க கெடக்குன்னு ஒரு அடையாளமும் கெடையாது. என்கிட்ட கேக்காம ஒருத்தரு எறங்குவாருன்னு நான் சத்தியமா நெனைக்கல.

கேட்டுச்சா? குதிரை கத்துற மாதிரி இல்ல? கடல் தண்ணியும் திரும்பி ஏறுற நேரம்தான்.

கொம்பா? கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது, எடுத்துக்குங்க. எனக்குப் போன வருஷத்தோட நெஞ்சுல அத ஊதுற மூச்சு போயிடுச்சு. பழகாத வாயில மொதல்ல வெறும் காத்துதான் வரும், விடாம ஊதிப் பாருங்க. கோப்பைய இங்க வச்சுட்டு ஓடுங்க தொரை. பந்தி முடியட்டும்னு நான் சொல்ல மாட்டேன்.