கீழே பார்க்க வேண்டியவள்

பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை என் அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதிக்கொள்ளப்பட்டவை, சரியாக உள்ளன. வயது நாற்பத்தொன்று. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிப் பள்ளியில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். இந்த வாக்குமூலம் கொடுக்கும்படி என்னை யாரும் அழைக்கவில்லை. என் கணவர் நேற்று இதே நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்பதால் நானாக வந்து கொடுக்கிறேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே வீட்டில் மேல்மாடியில் நாங்களும் கீழே அவருடைய அண்ணன் குடும்பமும் குடியிருந்து வருகிறோம். அண்ணனை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, கொடுத்த புகாரின் பேரில்தான் என் கணவர் இங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். கொலை செய்யும் எண்ணத்தோடு விமானத்தை ஏவினார் என்பது புகார். பெரியவர் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருக்கிறார். நான் கிளம்பி வரும்வரை கண் திறக்கவில்லை.

மேற்படி விமானம், தரையில் நின்றபடி ரேடியோ பெட்டியால் ஓட்டுகிற மாதிரி விமானம். மாதிரி என்றதும் பொம்மை என்று எழுதிவிட வேண்டாம். அதன் இறக்கை எங்கள் கட்டிலைவிட நீளம், எடை காலி கேஸ் சிலிண்டர் எடை, முன்னால் இருப்பது பெட்ரோல் இன்ஜின். மரச்சட்டங்களால் அதன் எலும்புக்கூட்டைச் செய்தது என் கணவர். அதன்மேல் உறையை இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்துச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியது நான். இரண்டு வருடமாகப் படுக்கையறை அதனுடையதாக இருந்தது, நாங்கள் விருந்தாளி மாதிரி ஓரமாகப் படுத்துக்கொண்டோம். பகல் முழுக்க லிஃப்டை மேலே கீழே அனுப்புகிற மனுஷனுக்கு அது போதாதா என்று நான் ஏசாத நாள் கிடையாது. ஏசிக்கொண்டேதான் ஒட்டினேன்.

சம்பவத்தன்று காலை, விமானத்தின் உடல் பகுதி மாடிப்படி வளைவில் திரும்பாததால், ஜன்னல் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டிக் கீழே இறக்கினோம். அப்போது சுவர்ப்பூச்சு பெயர்ந்து பெரியவர் கழுவி நிறுத்தியிருந்த கார்மேல் விழுந்தது. அதன் பின் அவர் வெளியே வந்து, இது குடியிருக்கிற வீடா, பட்டறையா என்று சத்தம் போட்டார். திரும்பி வரும்போது அந்தக் குப்பை இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்றார். என் கணவர் கயிற்றைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். அண்ணன் முன்னால் அவருக்கு வாய் வராது. அவருக்கும் சேர்த்து வீட்டில் நான்தான் பேசுவது வழக்கம்.

'இது ஒரு நாள் உங்க தலையிலதான் வந்து இறங்கும்' என்று என் கணவர் மிரட்டியதாகப் புகாரில் உள்ளது. அதைச் சொன்னது நான். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், விசாரித்துக்கொள்ளலாம். என் வாய் அப்படி. சொல்லி முடித்ததும் மறந்துவிட்டேன்.

அதன் பின் விமானத்தை வேனில் ஏற்றி, முன்பு லாரிகள் நிறுத்திய மைதானத்துக்குப் போனோம். மைதானத்தின் கடைசியில் பெண்கள் வலை கட்டிப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் நீள மதில். வலது பக்கம் மின்கம்பிகள். பந்து விளையாடும் பக்கம் போவதில்லை என்று பேசிக்கொண்டோம். இறக்கைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவரின் கார் வந்து மதில் ஓரம் நின்றது. குற்றம் கண்டுபிடிக்க இங்கேயும் வந்துவிட்டாரே என்று எரிச்சல் வந்தது. அவர் இறங்கி, எங்கள் பக்கம் பார்க்காமல், ரோட்டோரக் கடைக்கு நடந்து போனார். இதை நான் பார்த்தேன். கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் விமானத்தைத் திரும்ப வேனிலேயே ஏற்றிவிடுவார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விமானத்தை ஓட்டுகிறவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுபடி பார்க்கும்போது அது வருகிறதா போகிறதா என்றே தெரியாது. அதனால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் மேலே மட்டும் பார்ப்பார், பக்கத்தில் நிற்கிறவர் கீழே மட்டும் பார்ப்பார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எங்கே இறக்கலாம் என்று இவர் சொல்லச் சொல்ல அவர் செய்வார். சின்ன விமானங்கள் ஓட்டிய காலத்திலிருந்தே அந்த ஆள் நான். எனக்கு அது புது வேலையும் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இடது, வலது என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரே வித்தியாசம், காரில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும்.

அதன் பின் இன்ஜினை ஓடவிட்டு விமானத்தைத் தரையில் ஓட்டினார். வால் தூக்கியது, சக்கரம் மண்ணை விட்டது. அதன் பின் மைதானத்தைச் சுற்றி வந்தது. அப்போது நான் கீழே பார்க்கவில்லை, நிமிர்ந்து மேலே பார்த்தேன். நான் ஒட்டிய மஞ்சள் உறை வெயிலில் அப்படி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. முழுசாக ஒரு சுற்று பார்த்திருப்பேன். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு அப்புறமும் பார்த்தேன்.

அதன் பின் விமானம் எங்களைக் கடந்து மைதானத்தின் கடைசியை நோக்கிப் போய்த் திரும்புவதற்குள் இன்ஜின் நின்றது. வலது பக்கம் திருப்பப் பார்த்தார், திரும்பவில்லை. வலது இறக்கையில் விமானத்தைத் திருப்புகிற மடல் சிக்கிக்கொண்டது என்றார். இனி நேராகப் போகலாம் அல்லது இடது பக்கம் திரும்பலாம், வேறு வழி இல்லை. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது அவர் மேலே பார்த்தபடியே கேட்டார்.

"கீழ என்ன இருக்கு?"

நேராகப் பந்து விளையாடும் பெண்கள் இருக்கிறார்கள், இடது பக்கம் மதிலும் ஒரு காரும்தான் என்றேன்.

"கார்ல ஆள் இருக்கா?"

"யாரும் இல்ல. இடது."

அவர் திருப்பினார். ஏன் என்று கேட்கவில்லை, யார் கார் என்று கேட்கவில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. அதன் பின் விமானம் நான் சொன்ன பக்கம் திரும்பிக் காரின் முன் கண்ணாடியில் போய் மோதியது. பந்து விளையாடியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார், இல்லை என்றேன். அப்போதுதான் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. இடி வாங்கிய காரில் அலாரம் அடித்தால் விட்டு விட்டு அடிக்கும். இது விடாமல் அடித்தது. ஸ்டீயரிங்மேல் ஆள் சாய்ந்தால்தான் அப்படி அடிக்கும் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். நான் ஓடினேன். ஓடும்போதும் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன், பெரியவர் அங்கே நிற்க வேண்டும் என்று. அங்கே யாரும் இல்லை. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு சுற்றுக்குள் அவர் காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அது யார் கார் என்று தெரிந்துதான் இடது என்று சொன்னீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். நொறுங்கினால் நொறுங்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தது உண்மை. ஆள் இருப்பது தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. அப்படியானால் வேறு எந்தப் பக்கம் சொல்லியிருப்பேன்? நேற்று முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவரின் காலடியில் கிடந்த கைபேசியை ஆய்வாளர் எனக்குப் போட்டுக் காட்டினார். விமானம் ஏறிச் சுற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலிருந்து அதில் படம் பிடிக்கப்பட்டுள்ளது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாங்கள் பார்க்காதபடி உள்ளே இருந்து எடுத்திருக்கிறார். 'ஏறிட்டான்டா என் தம்பி' என்று அவர் தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பது கேட்கிறது. கடைசியில் விமானம் திரும்பி நேராகக் காரை நோக்கி வருகிறது. அப்போதும் அவர் கதவைத் திறக்கவில்லை, படம் ஆடக்கூட இல்லை. தம்பி எப்படியும் திருப்பிவிடுவான் என்று நம்பித்தான் உட்கார்ந்திருப்பார் என்று சொன்னேன். அது என் ஊகம், எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னார். என் ஊகம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தானே காரைப் பார்த்ததாகவும், வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பியதாகவும் என் கணவர் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. என்னை விட்டுவிட்டு அவர் உள்ளே போய் உட்கார்ந்தால் யாரிடம் போய் ஏசுவேன் என்று அவர் யோசிக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். மோதுவதற்கு முன் அந்தக் கார் மதிலுக்கு முகம் காட்டி நின்றதா, முதுகு காட்டி நின்றதா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது, ஆளை வெளியே எடுக்கக் காரைத் தள்ளித் திருப்பிய பிறகுதான் அவர் கிட்டே வந்தார். அதற்கு முன்னாலேயே யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

மேலே உள்ளவை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அதில் ஓரிடத்தில் 'விமானம் கட்டுப்பாட்டை இழந்து காரின் முன் கண்ணாடியில் போய் மோதியது' என்று இருந்தது. அப்படி இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது என்று எழுத்தர் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என் கணவரின் கையில் இருந்தவரை அந்த விமானம் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. 'கட்டுப்பாட்டை இழந்து' என்பதை அடித்துவிட்டு 'நான் சொன்ன பக்கம் திரும்பி' என்று எழுதச் செய்தேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டுள்ளது, உண்மை.

(கையொப்பம்)