தாளில் பேர் எழுதக் கூடாது

தச்சநல்லூரில் நான் ஏறிய மாட்டுவண்டியில் எனக்கு எதிரே இரண்டு பையன்கள் இருந்தார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதப் பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள்.

“பரீட்சைத் தாள்ல பேரே எழுதக் கூடாதாம்லே. அதக் கேட்டதுலருந்து எனக்கு நல்லா உறக்கம் வருது,” என்றான் ஒல்லியானவன்.

“எனக்குச் சோறே இறங்கல. ‘பனையேறி மவனுக்குப் படிப்பு வராது’ன்னு வாத்தியார் உன்னையத்தான சொன்னாரு. நீ எப்படிலே உறங்குத?”

“சரியாப் போட்ட கணக்கையும் அவரு தப்புன்னு அடிச்சாரு. என் பேரப் பாத்துத்தான் அடிச்சாரு. நாளைக்குத் தாள்ல வெறும் நம்பர்தான். மெட்ராஸ்ல திருத்துதவனுக்கு நான் யாரு மவன்னு தெரியாதுலே.”

வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறியது. மற்றவன் அவன் பக்கம் திரும்பினான்.

“பாஸாயிட்டா பேரு வெளிய வந்திரும்லா?”

“வரட்டும். பாஸானவங்க பேர வகுப்புல சத்தமா வாசிக்க வேண்டியது அதே வாத்தியாருதான்.”