ஜன்னலுக்கு ஒரு பிள்ளையார்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம்பெண், பேப்பர் சுற்றிய கண்ணாடிப் படம் ஒன்றை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன சாமி என்று கேட்டாள் பக்கத்திலிருந்த நடுவயதுக்காரி.

“பிள்ளையாருதான்க்கா. எங்க வூட்டு ஜன்னலுக்கு ஒரு சாமி குறையுது.”

நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

“ஜன்னலுக்கா?”

“வாடகை வூடுக்கா. ஜன்னலுக்கு நேரெதிர்ல வூட்டுக்காரரு ஈசிச்சேர் போட்டு உக்காந்திருக்காரு. நான் அருவாமனைய எடுத்தாப் போதும், ‘என்னம்மா, இன்னைக்கும் கத்திரிக்காயா?’ங்கறாரு.”

“ஒரு ஸ்கிரீன் போட்டுக்கறதுதானே?”

“செவுத்துல ஆணியே அடிக்கக் கூடாதுங்கறாரு. சாமி படத்துக்குன்னா மட்டும் அடிச்சுக்கலாமாம். அவரே ஒரு முருகன் படமும் குடுத்தாரு.”

“அடிச்சிட்டியா?”

“ஜன்னலுக்கு இந்தப் பக்கமா அடிச்சு மாட்டிட்டேன். வந்து பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனாரு. அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பிள்ளையாரு. ரெண்டு ஆணிக்கும் நடுவுல கயித்தக் கட்டி, பழைய சேலை ஒண்ணத் தொங்கவிட்டுருவேன்.”

“அவரு பாத்துட்டு ஆணியப் புடுங்கச் சொன்னா?”

“அவரு குடுத்த முருகனையே இறக்கச் சொல்லுவாராக்கா?”

நடுவயதுக்காரி, படத்தில் பட்டுவிடாதபடி தன் காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு கவலையோடு கேட்டாள்.

“சேலைக் கனத்த அந்த ஆணிங்க தாங்குமா?”

“தாங்காம? அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்க மாட்டாங்களா!”